விடுபட்ட பதினொரு மாதங்கள்

முத்தையா முரளிதரன் என்றதும் இலங்கையில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 800 என்ற எண்தான். 2010 ஜூலை 22ஆம் திகதி காலி மைதானத்தில் இந்தியாவின் பிரக்யான் ஓஜா ஆட்டமிழந்த கணத்தை, கிரிக்கெட்டில் பெரிய ஆர்வமில்லாதவர்கள்கூட மறக்கவில்லை. அதற்கு அடுத்தபடியாக நிற்பது அவருடைய முழங்கை: 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ணில் நடுவர் டரல் ஹெயார் திரும்பத் திரும்ப ‘நோ போல்’ என்று கை நீட்டிய நாள். தோளைப் பற்றிக் கேட்டால் நினைவு தயங்குகிறது. “ஒருக்கா தோளில ஒப்பரேஷன் செய்தவர், பிறகும் நல்லாப் போட்டார்தானே” என்ற ஒற்றை வரியோடு அது முடிந்துவிடுகிறது. என் நினைவிலும் அது அப்படித்தான் பதிந்து கிடந்தது. காயம் வந்தது, கத்தி வைத்தார்கள், 800 எடுத்தார். இந்தக் கோவையில் கத்திக்கும் அடுத்த டெஸ்ட் பந்துக்கும் நடுவே ஏறத்தாழ 11 மாதங்கள் விடுபட்டிருக்கின்றன. அந்த விடுபடல் சிறிய விஷயமல்ல என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது. விளையாட்டு வீரரின் தோளைக் குணமாக்குவது கத்தியும் அந்த மாதங்களும் சேர்ந்துதான். மாதங்களை மறந்துவிட்டுக் கத்தியை மட்டும் நினைவில் வைத்திருப்பதால் நம் பிள்ளைகளின் தோள்கள் கெடுகின்றன.

முதலில் நடந்ததை வரிசைப்படுத்திப் பார்ப்போம். 2004 ஓகஸ்ட் தொடக்கத்தில் காலியில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக ஆடியபோது முரளிக்கு 32 வயது. அந்தப் போட்டி முடிகையில் 532 விக்கெட்டுகளுடன் உலகின் முதலிடத்தில் இருந்தார். அடுத்த வாரம் கொழும்பில் நடந்த இரண்டாவது டெஸ்ட்டில் அவர் இல்லை. அதே மாதம் மெல்பேர்ணில் அவருடைய வலது தோளில் சத்திரசிகிச்சை நடந்தது. ஒக்டோபர் 15ஆம் திகதி சென்னை சேப்பாக்கத்தில் ஷேன் வோர்ன் 533ஆவது விக்கெட்டை எடுத்து அவரைத் தாண்டினார். நவம்பரில் சர்வதேச கிரிக்கெட் சபையின் நிபுணர் குழு, பந்துவீச்சாளர் முழங்கையை 15 பாகை வரை நீட்டலாம் என்று பரிந்துரைத்தது. 2005 மார்ச்சில் அது விதியானது. உலகம் முழுவதும் அவருடைய முழங்கையைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்த அதே மாதங்களில், ஒரு டெஸ்ட் பந்தும் வீசாத தோள் மெல்ல மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. இதற்கிடையே 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. தெற்கிலும் கிழக்கிலும் கரை துடைத்தெறியப்பட்ட அந்த நாட்களில் அவரை நிவாரணப் பணியில் பார்த்த நாடு, அவர் இன்னும் சிகிச்சையின் நடுவில் நிற்பவர் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. பிறகு இங்கிலாந்தில் லங்காஷயர் அணிக்காகக் கவுண்டிப் போட்டிகளில் கையைப் பழக்கினார். 2005 ஜூலையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக டெஸ்ட் அரங்குக்குத் திரும்பி, அந்தத் தொடரிலேயே தன் சொந்த ஊரான கண்டியின் அஸ்கிரிய மைதானத்தில் 46 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அவருடைய 800இல் 268 அந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின் எடுத்தவை.

இந்தப் பழைய கதை சிலாபத்தை அடுத்த எங்கள் முன்னேஸ்வரத்தில் ஏன் முக்கியமாகிறது என்றால், எங்கள் கரை தோளால் வாழும் கரை. சிலாபத்திலும் உடப்பிலும் கரைவலையை இழுப்பது தோள்தான். உடப்பு மீனவரின் அம்பாப் பாட்டு, பல தோள்களை ஒரே கணத்தில் சேர்த்து இழுக்க வைக்கும் தாளம். வேலைக்குப் பிறகு அதே தோள் விளையாடப் போகிறது. சிலாபம் மேரியன்ஸ் கழகம் நாட்டின் முதல்தரக் கிரிக்கெட்டில் ஆடுகிறது. தேசிய விளையாட்டு என்று 1991இல் அறிவிக்கப்பட்ட கரப்பந்தாட்டம் வென்னப்புவ வரைக்கும் ஊருக்கு ஊர் வேரூன்றியிருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு எல்லே, பாடசாலைப் போட்டிகளுக்கு ஈட்டி. எல்லாமே கையைத் தலைக்கு மேலே ஓங்கும் ஆட்டங்கள். ஒரு பையனுக்குத் தோள் ‘இறங்கிவிட்டால்’ வீட்டில் இரண்டு குரல்கள் எழும். கத்தி வைத்தால் கை போச்சு என்பது ஒன்று. முரளிக்கே செய்து 800 எடுத்தவர், செய்துவிட்டால் சரி என்பது மற்றது. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே மறதியில் பிறந்தவை. முதற்குரல், சத்திரசிகிச்சைக்குப் பிறகு பயிற்சியில்லாமல் கை இறுகிப்போனவர்களைப் பார்த்துவிட்டுக் கத்தியைப் பழிக்கிறது. இரண்டாவது குரல், பயிற்சியோடு மீண்டவரைப் பார்த்துவிட்டுக் கத்தியைப் புகழ்கிறது.

தோள்மூட்டின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் மாதங்கள் ஏன் தேவை என்பது புரியும். இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலை, சிரட்டைக்குள் இருக்கும் தேங்காய்ப் பருப்பைப் போல ஆழமாகப் பொருந்தியிருக்கிறது. தோளில் அப்படியல்ல. உரித்த தேங்காயை ஒரு சின்னத் தட்டில் வைத்தது போன்ற அமைப்பு அது. கையெலும்பின் உருண்டைத் தலையில் மூன்றில் ஒரு பங்கைக்கூட அந்தத் தட்டு சரியாகத் தாங்குவதில்லை. தட்டின் ஓரத்தைச் சுற்றி ‘லேப்ரம்’ என்ற நார்வளையம் ஒரு வரம்புபோல ஓடி ஆழத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது. முன்பக்கத் தசைநார்கள் அந்த வரம்பிலேதான் பிடித்திருக்கின்றன. மூட்டைச் சுற்றி நான்கு சுழற்றித் தசைகள் உருண்டையைத் தட்டின் நடுவில் அழுத்தி வைக்கின்றன. இந்தத் தளர்ச்சிதான் மனிதனுக்குக் கல்லெறியவும் வலைவீசவும் வரம் தந்தது. பந்துவீச்சாளரின் தோள் இன்னும் ஒருபடி மேலே போகிறது: ஆயிரக்கணக்கான முறை பின்னோக்கித் திருகித் திருகி, வெளிப்புறச் சுழற்சி மற்றவர்களைவிட அதிகமாகிவிடுகிறது. அந்தத் தளர்ச்சி அவருடைய சொத்து. அளவு மீறினால் அதுவே நோய். சத்திரசிகிச்சை செய்பவர் இறுக்க வேண்டியதும் அதைத்தான், காக்க வேண்டியதும் அதைத்தான். கொஞ்சம் கூடுதலாக இறுக்கினால் தோள் விலகாது, ஆனால் பந்தும் சுழலாது.

விலகும் தோளை இறுக்க வேண்டும் என்ற எண்ணம் மிகப் பழையது. பழைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ், அடிக்கடி விலகும் தோளுக்கு அக்குளில் காய்ச்சிய இரும்பால் சுட்டுத் தழும்பு உண்டாக்கச் சொன்னார். முரட்டு வழிதான், ஆனால் கீழ்ப்பக்க உறை தளர்ந்ததுதான் கோளாறு என்பதை அவர் சரியாகவே ஊகித்திருந்தார். லண்டனின் பாங்கார்ட் 1923இல், விலகும் தோள்களில் முன்பக்க லேப்ரம் எலும்பிலிருந்து பிய்ந்திருப்பதுதான் மூலக்காரணம் என்று எழுதி, அதைத் திரும்ப எலும்போடு தைக்கும் முறையைச் சொன்னார். 1940இல் அமெரிக்காவின் ஹில், சாக்ஸ் என்ற இரு கதிரியக்க மருத்துவர்கள், விலகும்போது உருண்டையின் பின்பக்கம் தட்டின் விளிம்பில் மோதிப் பள்ளம் விழுவதைப் படங்களில் காட்டினார்கள். 1954இல் பிரான்ஸின் லியோன் நகரத்து லத்தார்ஜே, தோளின் முன்புறமுள்ள கொக்கிபோன்ற சிறிய எலும்பை அதன் தசைநாரோடு வெட்டி, தேய்ந்த தட்டின் விளிம்பில் திருகாணியால் பூட்டும் வழியைச் சொன்னார். இன்று பாங்கார்ட் தையலைச் சிறு துளைகள் வழியே கமெரா விட்டுச் செய்கிறார்கள். எலும்புக்குள் இறுக்கி, அதிலிருந்து நூலை எடுத்து லேப்ரத்தைக் கட்டும் சிறு ஆணிக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் நங்கூரம். கரையோர மக்களுக்கு அந்தப் பெயர் விளக்கம் வேண்டாத பெயர். நங்கூரம் வள்ளத்தை நிறுத்திவைக்கும், அவ்வளவுதான். தொழிலுக்குப் போவது வள்ளக்காரர்தான்.

கத்தி வேண்டும் என்பவர்களின் சான்று வலுவானது, அதை மறைப்பது நேர்மையல்ல. அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியில் அர்சியேரோவும் சகாக்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், முதன்முறை தோள் விலகிய 36 இளம் விளையாட்டு வீரர்களைப் பின்தொடர்ந்தார்கள். கையைக் கட்டித் தொங்கவிட்டுப் பயிற்சி மட்டும் பெற்ற 15 பேரில் 80 சதவீதத்தினருக்கு மீண்டும் விலகியது. சத்திரசிகிச்சை பெற்ற 21 பேரில் 14 சதவீதத்தினருக்கு மட்டுமே. எண்ணிக்கை சிறியது, ஆனால் வேறுபாடு பெரியது. எதிர்ப்பக்கத்தில் சுவீடனின் ஹோவெலியஸ் நிற்கிறார். அவரது குழு 257 தோள்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. முடிவுகள் 2008இல் வெளிவந்தன. 12 முதல் 25 வயதுக்குள் முதன்முறை தோள் விலகி, சத்திரசிகிச்சை இல்லாமல் விடப்பட்டவற்றில் பாதி மறுபடி விலகவேயில்லை, அல்லது காலப்போக்கில் தானாகவே உறுதியாகிவிட்டது. கையை எத்தனை வாரம் கட்டி வைத்தார்கள் என்பதால் பெரிய வேறுபாடும் வரவில்லை. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று பொய்யாக்குவதாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்று தினமும் மோதி விழும் இளம் இராணுவ மாணவர்களைப் பற்றியது; மற்றது ஊரில் வாழும் எல்லா வகை மனிதர்களையும் பற்றியது. ஆக, தோளில் என்ன பிய்ந்தது என்பதோடு, அந்தத் தோளுக்கு உரியவர் யார், எத்தனை வயது, நாளை அந்தக் கையால் என்ன செய்யப் போகிறார் என்பதும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கிறது.

அதற்காக, பாதிப் பேருக்குத் தானாகச் சரியாகுமென்றால் பொறுத்துப் பார்ப்போமே என்று இருந்துவிட முடியாது. இந்த இடத்தில் 2000ஆம் ஆண்டில் பேர்க்ஹார்ட்டும் தென்னாபிரிக்காவின் டி பீயரும் வெளியிட்ட ஆய்வை எல்லாப் பயிற்றுநர்களும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கமெரா வழியாகச் செய்த 194 பாங்கார்ட் தையல்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். எலும்பில் பெரிய சேதமில்லாத தோள்களில் 4 சதவீதம் மட்டுமே மீண்டும் விலகின. எலும்பு தேய்ந்து, தட்டு தலைகீழ்ப் பேரிக்காய் வடிவத்துக்கு வந்துவிட்ட தோள்களிலும் உருண்டையில் ஆழப் பள்ளம் விழுந்த தோள்களிலும் 67 சதவீதம் விலகின. மோதி ஆடும் விளையாட்டு வீரர்களில் அந்த எண் 89 ஆனது. அதே கத்தி, அதே நூல், அதே நங்கூரம். ஆனால் ஒவ்வொரு விலகலும் தட்டின் விளிம்பைச் செதுக்கிச் செதுக்கி எடுத்துவிட்டால், நங்கூரம் பிடிக்கத் தரையே இருக்காது. அப்போது சிறு துளைத் தையல் போதாது. லத்தார்ஜே வழியில் எலும்பை வெட்டி ஒட்ட வேண்டிவரும். “இதுவரைக்கும் ஆறேழு தரம் இறங்கியிருக்கு, நானே தள்ளிப் போட்டுக்கொள்ளுவன்” என்று பெருமையாகச் சொல்லும் இளைஞர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. அந்தப் பெருமையின் விலை எலும்பில் எழுதப்படுகிறது.

எண்ணெய்க்கட்டை நம்புகிறவர்கள் இங்கே மறுப்புச் சொல்வார்கள், அது மரியாதையோடு கேட்கவேண்டிய மறுப்பு. யாழ்ப்பாணத்தில் முறிவு நெரிவு வைத்தியம் என்பதும், சிங்கள அயலார் கெடும் பிந்தும் என்பதும் ஒரே மரபு. தலைமுறைகளாகத் தோளைக் கையால் தட்டி உட்காரவைத்துப் பத்துக் கட்டிப் பலருக்குக் குணமும் கண்ட வைத்தியர்கள் அவர்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. பாதித் தோள்கள் தாமாகவே நிலைத்துவிடும் என்ற சுவீடன் கணக்கு, அவர்களுடைய வெற்றியையும் விளக்கிவிடுகிறது. ஆனால் மற்றப் பாதியை அந்த மரபால் பிரித்தறிய முடியாது. எலும்பு முறிந்திருக்கிறதா, அக்குள் நரம்பு இழுபட்டு தோளின் வெளிப்புறத் தோல் மரத்துப்போயிருக்கிறதா, தட்டின் விளிம்பு உடைந்திருக்கிறதா என்பவை கைக்குத் தட்டுப்படாதவை. முறிந்த எலும்பை விலகிய மூட்டென்று எண்ணி இழுத்துவிட்டால் சேதம் பெருகும். எண்ணெய் பூசுவதில் எனக்கு மறுப்பில்லை. எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்னால் பூசுவதில்தான் மறுப்பு. சிலாபம் மாவட்டப் பொது வைத்தியசாலை முன்னேஸ்வரத்திலிருந்து சில கிலோமீற்றர் தூரம்தான்.

விலகாமல் வலிக்கும் தோள்களின் விஷயம் வேறு. வருடக்கணக்காக வீசியும் அடித்தும் தேய்ந்த தோள்கள் அவை. கத்தி வெகு தாமதமாகவே எடுக்கப்பட வேண்டிய இடம் இது என்றே சான்றுகள் சொல்கின்றன. லேப்ரத்தின் மேற்பகுதி, இருதலைத் தசையின் நார் வந்து பிடிக்கும் இடத்தில், பிய்வதை அமெரிக்காவின் அண்ட்ரூஸ் 1985இல் எறிவீரர்களிடம் விவரித்தார். 1990இல் ஸ்னைடர் அதற்கு ‘ஸ்லாப்’ என்று பெயர் வைத்தார். பெயர் வந்ததும் சத்திரசிகிச்சைகள் பெருகின. 2017இல் நோர்வேயில் 118 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு லேப்ரத்தைத் தைத்தார்கள், இன்னொரு பகுதியினருக்கு இருதலைத் தசையின் நாரை இடம்மாற்றிப் பொருத்தினார்கள், மூன்றாம் பகுதியினருக்குத் தோலில் துளை மட்டும் போட்டு மூடினார்கள். மூன்று குழுக்களும் ஒரே அளவில்தான் தேறின. அதே ஆண்டு பிரிட்டனில் 313 பேரை வைத்து நடந்த ஆய்வில், தோளின் மேற்கூரை எலும்பைச் செதுக்குவதும் வெறுமனே கமெரா விட்டுப் பார்ப்பதும் நோயாளிக்கு உணரும்படியான வேறுபாட்டைத் தரவில்லை. இவர்கள் உச்சநிலை வீரர்கள் அல்லவே என்று கேட்கலாம், கேள்வி நியாயமானதுதான். ஆனால் உச்சநிலை வீரர்களைப் பற்றிய சான்று இன்னும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. எந்த வலியும் இல்லாத, தலைக்கு மேலே கை ஓங்கி ஆடும் 20 தலைசிறந்த வீரர்களின் தோள்களை எம்.ஆர்.ஐ. படமெடுத்துக் கொன்னரும் சகாக்களும் 2003இல் வெளியிட்டார்கள். ஆடும் கையில் 40 சதவீதத்தினருக்குச் சுழற்றித் தசைநாரில் கிழிசல் இருந்தது, மற்றக் கையில் ஒருவருக்கும் இல்லை. ஐந்து வருடங்களுக்குப் பிறகும் அவர்களில் யாருக்கும் அந்தத் தோள் தொந்தரவு தரவில்லை. இத்தாலிய மருத்துவர்கள் 1987இல் வெளியிட்ட ஆய்வில், 96 முன்னணிக் கரப்பந்தாட்ட வீரர்களில் 12 பேருக்குத் தோட்பட்டைக்குப் பின்னாலுள்ள ஒரு தசை செயலிழந்திருந்தது; அதை அறியாமலே ஆடிக்கொண்டிருந்தார்கள். படத்தில் தெரிவதெல்லாம் நோயல்ல. கிழிசல் தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பதினேழு வயதுப் பிள்ளையை மேசையில் படுக்கவைப்பது எனக்கு ஏற்க முடியாத காரியம்.

இனி அந்த மாதங்களுக்கு வருவோம். பாங்கார்ட் தையலுக்குப் பிறகு முதல் சில வாரங்கள் கை ஸ்லிங்கில் தொங்கும். விரல், மணிக்கட்டு, முழங்கை மட்டும் அசையும். லேப்ரம் எலும்போடு ஒட்டிப்பிடிக்கச் சுமார் மூன்று மாதம் எடுக்கும், அதை எந்த மருந்தாலும் எந்த உறுதியான மனத்தாலும் விரைவுபடுத்த முடியாது. அதற்கிடையில் கையை மெல்ல மெல்ல உயர்த்தப் பழக்க வேண்டும்: விரைந்தால் நூல் அறுந்துவிடும், சோம்பினால் உறை இறுகிவிடும். பிறகு இறப்பர் பட்டியை இழுத்துச் சுழற்றித் தசைகளை எழுப்புவது; தோட்பட்டை எலும்பு முதுகில் சரியாக வழுக்கிப் போகிறதா என்று கண்ணாடி முன்னால் பார்ப்பது; கால், இடுப்பு, முதுகு எல்லாவற்றையும் பலப்படுத்துவது. ஏனென்றால் பந்தின் வேகம் காலிலிருந்து புறப்பட்டு மேலே வருகிறது, இடையில் எந்தக் கண்ணி பலவீனமாயிருந்தாலும் கடன் தோளின் தலையில் விழும். நான்கைந்து மாதத்துக்குப் பிறகுதான் பந்தைக் கையிலெடுத்து மெதுவாக, கிட்டத்திலிருந்து, எண்ணியெண்ணி வீசத் தொடங்குவது. இதில் எந்தப் படியும் பார்வையாளர் கைதட்டும் படியல்ல. நினைவில் நிற்காததற்கும் அதுதான் காரணமாயிருக்க வேண்டும்.

சிறகடித்துத் திரும்பியவர்களின் கதைகளை இதற்கு எதிராகக் காட்டுவார்கள். இந்தியத் துடுப்பாட்ட வீரர் ஸ்ரேயாஸ் ஐயருக்கு 2021 மார்ச் 23இல் புனேயில் களத்தடுப்பில் விழுந்து இடது தோள் விலகியது, ஏப்ரல் 8இல் சத்திரசிகிச்சை, செப்டெம்பரில் ஐ.பி.எல். போட்டிகளுக்குத் திரும்பினார், நவம்பரில் கான்பூரில் தன் முதல் டெஸ்ட்டிலேயே 105 ஓட்டங்கள். சச்சின் டெண்டுல்கருக்கு 2006 மார்ச்சில் லண்டனில் தோளில் சத்திரசிகிச்சை. செப்டெம்பரில் கோலாலம்பூரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 141. அரை வருடத்தில் முடிந்த காரியத்துக்கு முரளிக்கு ஏன் இத்தனை மாதம் என்று கேட்பவர்கள், துடுப்பைப் பிடிக்கும் கையையும் ஓவருக்கு ஆறுமுறை தோளைத் திருகி எறியும் கையையும் ஒன்றாக எண்ணுகிறார்கள். முரளியின் கணக்கில் போட்டி அட்டவணைக்கும் பங்குண்டு என்பது உண்மைதான். ஆனாலும் தோளிடம் ஆட்டம் எதைக் கேட்கிறதோ, அதைப் பொறுத்தே மாதங்கள் அமைகின்றன. அமெரிக்க பேஸ்போலில் ஆடிய யொஹான் சன்டானாவின் கதை இதற்கு மறுபக்கம். 2010 செப்டெம்பரில் தோளின் முன்பக்க உறையைத் தைத்தார்கள். 2011 முழுவதும் ஆடவில்லை. 2012 ஜூன் 1ஆம் திகதி 134 பந்துகள் வீசி, எதிரணிக்கு ஒரு ‘ஹிட்’ கூடக் கொடுக்காமல், நியூயோர்க் மெட்ஸ் கழக வரலாற்றில் அதுவரை எவரும் செய்யாததைச் செய்தார். 2013இல் அதே உறை மறுபடி கிழிந்தது. அந்த 134 பந்துகள்தான் காரணமா என்பது இன்றுவரை வாதத்துக்குரியது. ஆனால் தைத்த தோள் புதுத் தோள் ஆகிவிடாது என்பதில் வாதமில்லை.

இதெல்லாம் கிரிக்கெட் சபையின் பணமும் தனி இயன் மருத்துவரும் இருக்கிறவர்களுக்குச் சரி, எங்கள் பிள்ளைகளுக்கு எங்கே கிடைக்கும் என்ற மறுப்புத்தான் எல்லாவற்றிலும் கனமானது. அதில் உண்மை இருக்கிறது. இலவச மருத்துவம் உள்ள நாட்டில் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்தால் இடம் கிடைக்கும். அதற்குப் பின் வாரம் இரண்டு தரம் கிளினிக்குக்குப் போக, கூட வரும் தகப்பனின் நாட்கூலி போகும். ராகமையில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது, புத்தளம் பாதை ரயிலும் அந்த நிலையத்தில்தான் நிற்கிறது; ஆனாலும் போக வர ஒரு முழு நாள். ஆகவே கத்தியாவது கிடைக்கட்டும் என்று முடிவு செய்துவிடுவது இயல்பு. நான் இதை வேறு விதமாகப் பார்க்கிறேன். பின்பயிற்சி கிடைக்காத இடத்தில் கத்தி மட்டும் கிடைப்பது பாதி உதவி ஆகாது. சில வேளைகளில் தீங்காகவே முடியும். இறுகிப்போன தோள் பந்து வீசாது, வலையும் இழுக்காது. அதே சமயம், அந்தப் பயிற்சிகளுக்கு வேண்டிய பொருள் மிகக் குறைவு. ஒரு சுவர், ஒரு விளக்குமாற்றுத் தடி, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டி. இல்லாதது சொல்லித்தரும் ஆள்தான். பல பாடசாலைகளில் உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறார். தமிழிலும் சிங்களத்திலும் படங்களோடு வாரவாரியாக எழுதிய ஒரு தாளை வைத்தியசாலை கொடுத்தனுப்பினால், மாதம் ஒருமுறை மட்டும் பெரிய வைத்தியசாலைக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ள அவரால் வழிநடத்த முடியும். சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கும் அன்றைக்கே அந்தத் தாளும் கையில் இருக்க வேண்டும். தாள் இல்லையென்றால் நாள் தள்ளிப்போவதில் தவறில்லை.

இன்னொரு கேள்வி எங்கள் கரைக்கே உரியது. பள்ளி அணிக்கு வேகப்பந்து வீசும் பையன், படிப்பு முடிந்ததும் அண்ணனோடு வள்ளத்தில் போகப் போகிறவன். அவனுடைய தோளை எந்த ஆட்டத்துக்காகச் சரிசெய்வது? ஆய்வுகள் பெரும்பாலும் ‘மீண்டும் விலகியதா, விளையாட்டுக்குத் திரும்பினாரா’ என்றுதான் கேட்கின்றன. கடலில் அலை ஏறும்போது ஒரு கையால் விளிம்பைப் பிடித்து மறுகையால் வலையை இழுக்கிறவனுக்குத் தோள் விலகினால், அது உயிராபத்து. அவனைப் பொறுத்தவரை ‘அவன் என்ன முரளியா’ என்று சொல்லிச் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவது தவறான கணக்கு. இரண்டாம் முறை விலகிய இருபது வயதுக் கடற்றொழிலாளியை, வெஸ்ட் பொயின்ட் மாணவனுக்கு நிகராகவே மருத்துவர் எண்ண வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அவனுக்குச் சொல்லவேண்டிய வார்த்தையும் அதே வார்த்தைதான்: அரை வருடம் வலை இழுக்க முடியாது. அந்த அரை வருடத்துக்கு வீட்டுக்குச் சோறு எப்படி வரும் என்பதைக் கத்தி எடுப்பதற்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டும். கடனுக்கு அஞ்சி எட்டாவது வாரத்தில் கடலுக்குப் போனவனின் தோள் மறுபடி விலகினால், அது அவனுடைய பொறுப்பின்மை அல்ல. அவனிடம் யாரும் மாதக்கணக்கைச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் அதைத் தாங்க வழி செய்யவில்லை.

முன்னேஸ்வரத்தில் ஆண்டு எண்ணப்படுவது திருவிழாவால். ஓகஸ்டிலும் செப்டெம்பரிலுமாக ஒரு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக நடக்கும் பெருவிழா, தேரோட்டம் முடிந்து தெதுரு ஓயாவில் தீர்த்தமாடி நிறைவடைகிறது. தேர்வடத்தில் கை வைக்க ஊர் திரள்கிறது, தமிழரும் சிங்களவரும் அருகருகே நின்று இழுக்கிறார்கள். முரளியின் தோளில் கத்தி வைத்தது ஒரு திருவிழாக் காலத்தில். அஸ்கிரியவில் அவர் எட்டு விக்கெட் எடுத்தது அடுத்த திருவிழாவுக்குச் சில வாரங்கள் முன்பு. இங்கே ஒரு பிள்ளையின் தோளுக்குச் சத்திரசிகிச்சை முடிவாகும்போது தாயிடம் சொல்லக்கூடிய காலக்கணக்கு இதுதான்: இந்த வருடம் அவன் வடம் பிடிக்கமாட்டான், ஓரமாக நின்று பார்ப்பான். கொடி இறங்கிய பிறகு சுவரில் விரல்களை ஏற்றி இறக்குவான், தைப்பொங்கலுக்குள் பட்டி இழுப்பான், சித்திரைக்கு எல்லே ஆடக் கேட்டாலும் விடக்கூடாது, அதற்குப் பிறகு பந்தைக் கையில் கொடுக்கலாம். அடுத்த தேருக்கு அவன் வடத்தில் கை வைப்பான்.